இடாப்பில் மூன்று பெயர்கள்

என் மனைவி ஒருநாளும் டென்மார்க்கில் இருந்ததில்லை என்பதற்கு என்னிடம் முத்திரை குத்திய அத்தாட்சிக் கடிதம் ஒன்று இருக்கிறது. தந்தது அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடும் டெனிஷ் கழகம் ஒன்று. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். முத்திரையில் காட்டெருமை ஒன்று மூக்கால் புகைவிடுகிறது. டெனிஷ் அரசாங்கத்துக்கு நான் அனுப்பிய பத்திரங்களுக்குள் பார்வைக்கு அழகானது அதுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஹேர்னிங் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன் மட்டக்களப்பில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளன். அங்கே புத்தகங்களின் முதுகில் இலக்கம் ஒட்டினேன். இங்கே பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைகளின் தோளில் கை வைத்துத் தைத்தேன். இரண்டிலும் நான் திறமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. வேலையை விட்டுப் போ என்றும் யாரும் சொன்னதில்லை.

அகதி அந்தஸ்து கிடைத்தவர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று அந்த நாளில் சட்டம் இருந்தது. அந்தஸ்து கிடைத்த கிழமையே விண்ணப்பித்தேன். மனைவியும் மூன்று வயது மகளும் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மறுபக்கத்தில், மாமனார் வீட்டில் இருந்தார்கள். சில மாதத்தில் பதில் வரும் என்றார்கள். மாதங்கள் வந்தன. என்னைப்போல மற்றத் தமிழரும் காத்திருந்தார்கள். பிற்பாடு இந்த நாடு முழுவதும் அதைத் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்துப் பேசியது. அப்போது எங்களுக்கு அது வழக்கு இல்லை, வெறும் தபாற்பெட்டி.

அந்தக் காலத்தில்தான், பிற்பாடு நான் கப்டன் என்று கூப்பிட்ட டெனிஷ் இளைஞன் தொழிற்சாலைக்கு வந்தான். வாசற்கதவுக்குக் குனிந்து உள்ளே வந்த முதல் மனிதனை அன்றைக்குத்தான் கண்டேன். நகரத்துக் கல்லூரி ஒன்றில் பொறியியல் மாணவன். அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளம் விளையும் மாநிலம் ஒன்றில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடம் போய் வந்திருந்தான். அங்கே என்ன படித்தான் என்று எனக்குத் தெரியாது. கொண்டுவந்தவற்றைத் தெரியும்: அந்த ஊர் உதைபந்தாட்டம், இரண்டு தலைக்கவசம், அந்தப் பல்கலைக்கழக அணியின் முழு வரலாற்றையும் சொல்லும் தலையணை போன்றதொரு புத்தகம்.

கல்லூரியில் அணி ஒன்று தொடங்கிவிட்டதாகவும் நாற்பது சட்டை வேண்டும் என்றும் மேற்பார்வையாளரிடம் சொன்னான். நாற்பது சட்டைக்கு மெசினைச் சூடாக்கக்கூட முடியாது என்று அவர் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த என்னைக் காட்டினார். வெட்டி மிஞ்சிய துணி கிடக்கிறது, இவர் விரும்பினால் தைக்கட்டும். மிஞ்சிக் கிடந்தது பாசி பிடித்த பச்சையும், காமாலைக் கண்ணின் மஞ்சளும். நான் மன்னிப்புக் கேட்கும் குரலில் அவற்றை விரித்துக் காட்டினேன். கப்டனின் முகம் மலர்ந்தது. பையிலிருந்து அந்தத் தலையணையை எடுத்து இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தான்.

"இஞ்சை பார். அவங்கட முதலாவது அணியும் மிச்சத் துணியிலதான் ஆடினது. குதிரைக்குப் போர்க்கிற கம்பளி செய்யிற ஆலையில மிஞ்சினது. அதுக்குப் பிறகு அந்த நிறத்தை ஒருத்தரும் மாத்தேல்லை. எங்களுக்கும் அப்பிடித்தான் வரவேணும்."

அவன் டெனிஷில் சொன்னதை, நான் இங்கே யாழ்ப்பாணத்தாரோடு பழகிய தமிழில் எழுதுகிறேன். என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். இந்த நாட்டில் மகாராணியைத் தவிர எல்லாரும் ‘நீ’ தான்.

அப்படி நான் கழகத்தின் உடுப்புப் பொறுப்பாளரானேன். புத்தகத்தையும் இரவல் வாங்கினேன். அச்சடித்த எதையும் கண்டால் வாசித்துத் தீர்ப்பது எனக்குப் பழைய வியாதி. மருந்துப் போத்தலின் சீட்டையே இருமுறை வாசிப்பவன். எண்ணூறு பக்கத்தில், எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில், ஒரு புத்தகம் அகப்பட்டால் விடுவேனா? ஹேர்னிங்கில் இருந்த தமிழருக்குள் அமெரிக்கச் சோளநாட்டு உதைபந்தாட்ட வரலாற்றில் என்னை மிஞ்ச ஆள் இருக்கவில்லை. போட்டியும் இருக்கவில்லை.

வாசகருக்கு விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து பப்பாளிப்பழ வடிவம். அதைக் காலால் தொடுவது நல்ல நாள் பெருநாளில் மட்டும். நாலு தடவை முயன்று பத்து யார் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். மிச்ச நேரமெல்லாம் வட்டமாகக் குனிந்து நின்று இரகசியம் பேசுவார்கள். என்னோடு வீட்டைப் பங்குபோட்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருமுறை மட்டும் பார்க்க வந்தார். பன்றி வெட்டும் ஆலையில் வேலை, ஞாயிறுகளில் பெந்தக்கோஸ்துச் சபை.

"உதென்ன கோதாரி விளையாட்டு தம்பி?" என்றவர், உடனே வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, வாய் தவறீற்று," என்றார். "பந்தையும் உதைக்கிறாங்கள் இல்லை, ஆளையும் உதைக்கிறாங்கள் இல்லை. ஆட்டுக்கடா மாதிரி முட்டுறாங்கள். உதுக்குப் போய் நீர் சட்டை தைச்சுக் குடுக்கிறீரே?"

"தலைக்கவசம் போட்டிருக்கிறாங்கள் அண்ணை."

"அது முதலே மண்டையில அடிபட்ட ஆக்கள் எண்டு காட்டுறதுக்கு."

கப்டனுக்கு ஆட்டத்தைவிட மரபுகள் முக்கியம். அவன் போய்வந்த பல்கலைக்கழகத்தில் மைதானத்தை உழுதபோது வெளிப்பட்ட கல் ஒன்று வாசலில் இருக்கிறதாம். ஆட்டக்காரர் அதைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்களாம். எங்களுக்கும் பீற்றூட் தோட்டம் ஒன்றிலிருந்து கல் வந்தது. அங்கே வென்றால் அடிக்கும் மணி ஒன்று உண்டு. எங்களுக்கும் ஒரு மணி வந்தது. முதலிரண்டு பருவத்திலும் அது ஒரே ஒரு தடவைதான் ஒலித்தது. ஸ்கீவ அணியின் பஸ் வழியில் பழுதாகி அவர்கள் வந்து சேராத அன்று. கோல்டிங் அணியோடு ஆடியபோது கிடைத்த தோல்விகளைப் பற்றிக் கல்தான் சாட்சி சொல்லவேண்டும்.

மூன்றாவது மரபு இடாப்பு, அதாவது பெயர்ப்பட்டியல். பருவத்தின் முதல் ஆட்டத்தன்று எல்லாரும் நடு மைதானத்தில் நிற்க, கப்டன் உறுப்பினர் இடாப்பை உரக்க வாசிப்பான். பெயருக்குரியவர் ‘இங்கே’ என்று குரல் கொடுக்க வேண்டும். வராதவரின் பெயர் வந்தால் யாராவது ஒருவர் அவருக்காக ‘இங்கே’ என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு இந்த அமெரிக்கர் மேல் முதன்முறையாக மரியாதை வந்தது.

உறுப்பினர் ஆவதற்கு ஒரு படிவம் தந்தார்கள். டென்மார்க்கில் மூன்று பேர் சேர்ந்து தேநீர் குடித்தாலும் அதற்குக் கழகம், யாப்பு, படிவம் எல்லாம் வேண்டும். என் பெயர், முகவரி. அதற்குக் கீழே, அதே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் என்று தலைப்புப் போட்டு இரண்டு வெற்றுக் கோடுகள்.

சரியாக இரண்டு. அந்தப் படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு நானும் அண்ணையும் ஆலோசித்தோம். இரண்டு பேரும் ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவு முழுவதையும் அதில் பாவித்தோம்.

"அவை இன்னும் வரேல்லையே அண்ணை. விட்டிடவோ?"

"விசர்க்கதை கதையாதையும். எங்கட விதானையார் என்ன சொல்லுவார்? பேர் ஒருக்கா விடுபட்டால் திருப்பி ஏத்திறது பெரிய வில்லங்கம். எழுதும்."

விதானையார் என்று அவர் சொன்னது கிராமசேவகரை. ஊரில் அவரிடம் வீட்டாரின் இடாப்பு ஒன்று இருக்கும். கொழும்பில் வேலை செய்பவன், குவைத்துக்குப் போனவள், கடலுக்குப் போய்த் திரும்பாதவன் எல்லாரும் அதில் அந்த வீட்டில்தான் இருப்பார்கள். பெயர் வெட்டுப்பட்டால் கூப்பன் அரிசி போகும், வாக்குப் போகும், பிறகு அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை என்றும் ஆகிவிடலாம். ஆகவே ஊரில் மூளையுள்ள எவனும் கோட்டை வெறுமையாக விடமாட்டான். நான் மூளையுள்ளவன். மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் அழகான எழுத்தில் நிரப்பினேன். குடும்ப உறுப்பினர், மூவர், ஒரே முகவரி.

மனைவிக்கு இதைப் பெருமையாக எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. "இஞ்சேருங்க, நீங்க எழுதின விசயத்த வீட்டில வாசிச்சுக் காட்டினன். சிரிப்புத்தான். அந்த டீமில எனக்கு என்ன வேல? முட்டச் சொல்லுவாங்களா? இஞ்ச நான் முட்டு வருத்தத்தோட கிடக்கன், அதுவே போதும். மகள் கேட்கா, தனக்கும் சட்டை உண்டா எண்டு. விசா வந்த பிறகு சட்டையப் பாப்பம் எண்டு சொல்லி வெச்சிருக்கன்."

முட்டு வருத்தம் என்றால் மூச்சு முட்டும் வியாதி. பனியிலும் புழுதியிலும் அவளுக்கு வரும். ஆஸ்பத்திரி வாவிக்கு இந்தப் பக்கம், மட்டக்களப்பு நகரத்தில். அதனால் என் கவலையெல்லாம் அந்த வாவியைக் கடக்கும் பாதைப்படகில்தான் இருந்தது. சண்டை கூடினால் படகு நிற்கும்.

முதல் ஆட்டத்தன்று இடாப்பு வாசித்தார்கள். அகரவரிசையில் மனைவியின் பெயர் எனக்கு முன்னால், மகளின் பெயர் எனக்குப் பின்னால். மனைவியின் பெயரைக் கப்டன் முழுவதும் சிதைத்து வாசித்தான். தாடி வைத்த ஒரு மலை போன்ற முன்வரிசைக்காரன் கவசத்தைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு ‘இங்கே’ என்றான். பிறகு நான் ‘இங்கே’ என்றேன். பிறகு மகளின் பெயர். அதற்கு அணியே ஒன்றாகச் சேர்ந்து, நாற்பது தடித்த குரலில், ‘இங்கே’ என்று கத்தியது. புல்லில் மேய்ந்துகொண்டிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. எனக்கு மூக்கைச் சிந்தவேண்டி வந்தது. தடிமன் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஓர் இளம் நிருபர் வந்திருந்தார். தூரத்தில், குடையின் கீழ் நின்றார். அடுத்த கிழமை அரைப் பக்கச் செய்தி. ஊசியும் நூலுமாக என் படம். கீழே இப்படி: அணியின் சட்டைகளைத் தைப்பவர் ஒரு தமிழ் அகதி, மனைவியோடும் சிறு மகளோடும் தொடக்கத்திலிருந்தே கழகத்தின் உறுப்பினர், பெயர் வாசித்தபோது குடும்பத்தின் மூவரும் உற்சாகமாகப் பதில் கொடுத்தார்கள்.

நான் அதில் பிழை கண்டேனா? கண்டேன். திருத்தச் சொன்னேனா? இல்லை. நாங்கள் மூவரும் ஒரே வசனத்தில் டென்மார்க்கில் நின்றோம். அந்த வசனத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு பிரதி வாங்கினேன்.

கொமூனில், அதாவது நகரசபையில், என் அலுவல்களைப் பார்க்க ஒரு பெண்மணி இருந்தார். மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு கெட்ட செய்திகளை மெல்லச் சொல்லும் நல்ல மனுசி. பத்திரிகைத் துண்டை நான்தான் அவரிடம் கொண்டுபோனேன். என் விண்ணப்பத்தோடு இதையும் சேர்த்துக் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பினால் நல்லதல்லவா என்று நான்தான் கேட்டேன். படத்தைப் பார்த்து அவர் கைதட்டினார்.

"எவ்வளவு நல்லா இஞ்சை ஒட்டியிட்டாய்! கட்டாயம் அனுப்புவம்."

படத்துக்குக் கீழேயுள்ளதை அவர் வாசிக்கவில்லை. வாசித்த நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒன்பதாவது அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். இடாப்பு மரபு எப்படித் தொடங்கியது என்று அதில் இருந்தது. சோளநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு குளிர்காலம் மாணவர் விடுதியில் காய்ச்சல் பரவி ஆட்டக்காரர் சிலர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தன்று பயிற்சியாளர் பழைய இடாப்பையே எடுத்து வாசித்தார். பெயர்களை வெட்ட அவருக்குக் கை வரவில்லை. போனவர்களின் பெயர் வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் ‘இங்கே’ என்றார்கள். அன்றிலிருந்து அங்கே வாசிப்பது செத்தவர்களின் பெயரை மட்டும்.

பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கப்டனிடம் போனேன்.

"இது செத்த ஆக்களுக்கு."

"ஓம்," என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனா எங்கட அணிக்கு எட்டு மாசந்தானே. எங்களிட்டை இன்னும் ஒருத்தரும் சாகேல்லை. அதாலை வராத ஆக்களை வைச்சுச் சமாளிச்சம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பகுத்தறிவு, விஞ்ஞானம் என்று பள்ளிக்கூட விவாதமேடைகளில் பேசிக் கிண்ணம் வாங்கியவன் நான். உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போட்டதில்லை. வீட்டுக்குப் போய்ப் பெயர்களை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் கோடு வெறுமையாகும். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டையும் அப்படியே விட்டேன்.

கொப்பன்ஹேகனிலிருந்து கடிதம் மறு இலையுதிர்காலம் வந்தது. இரண்டு வருடமாகத் தபாற்பெட்டியில் பார்த்துக் காத்திருந்த கடித உறை. அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். இணைக்கப்பட்ட பத்திரிகைச் செய்தியின்படி விண்ணப்பதாரரின் மனைவியும் பிள்ளையும் ஏற்கெனவே டென்மார்க்கில் வசிப்பதாகத் தெரிகிறது. அவர்கள் எப்போது, எவ்வழியாக, எந்த அனுமதியோடு உள்ளே வந்தார்கள் என்று எழுத்தில் விளக்கவும். விளக்கம் கிடைக்கும் வரை விண்ணப்பம் மேற்கொண்டு பரிசீலிக்கப்படமாட்டாது.

அண்ணைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"அப்ப அவையளைப் பொறுத்தவரையில உம்மடை மனிசி இஞ்சை வந்திட்டா."

"ஓம் அண்ணை."

"வந்து எங்கை படுக்கிறா எண்டு நினைக்கிறாங்கள்? உந்தக் கட்டில்லயோ? அதில உமக்கே இடங்காணாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான்தான் எழுதச் சொன்னனான். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்."

கர்த்தர் மன்னித்திருப்பார். அவருக்கு விண்ணப்பம் பரிசீலிக்க அவ்வளவு காலம் எடுக்காது.

கப்டன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. காதெல்லாம் சிவந்தது. கழகம் அத்தாட்சிக் கடிதம் தரும், ஆனால் யாப்பின்படி உறுப்பினரை நீக்குவதற்குச் சிறப்புப் பொதுக்கூட்டம் தேவை என்றான். இரண்டு கிழமைக்கு முன்னரே அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுத்தார்கள்.

கல்லூரி உணவுச்சாலையில் கூட்டம். கோப்பியும், சீனி தூவிய பின்னல் ரொட்டியும். நிகழ்ச்சிநிரலில் ஒரேயொரு விடயம்: என் மனைவியும் மகளும் டென்மார்க்கில் இல்லை. அதை ஒருமணி நேரத்துக்கு மேல் விவாதித்தார்கள். ஒரு மாணவன், உறுப்பினர் நீக்கப்படுமுன் தன் பக்க நியாயத்தைச் சொல்ல உரிமை உண்டே என்றான். இன்னொருவன், குடும்ப உறுப்புரிமையில் மனைவிக்கும் ஒரு வாக்கு இருக்கிறது, அவரை வராதவர் என்று பதிவதா, நடுநிலை என்று பதிவதா என்று கேட்டான். கேலிக்காகக் கேட்கவில்லை. சனநாயகத்தில் இவர்கள் கேலி செய்வதில்லை. தாடிக்காரன் எழும்பி, நான் அவவுக்காக ‘இங்கே’ எண்டு சொன்னனான், அது பொய்யெண்டு எழுதப்போறீங்களா என்று கேட்டான். செயலாளர் கோப்பி ஊற்றினார்.

கடைசியில் வாசகம் அமைந்தது. மேற்படி இருவரும் ஒருபோதும் கழகத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் நேரில் சமுகமளித்ததில்லை. இவ்வரங்கில் உள்ளோர் அறிந்தவரை டென்மார்க் மண்ணை மிதித்ததும் இல்லை. அவர்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. ஆதரிப்போர் கையுயர்த்தவும்.

நானும் உறுப்பினர். எல்லாரும் கையை உயர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏகமனதாக இருந்தால் கடிதத்துக்குப் பலம் என்று கப்டன் முதலே சொல்லியிருந்தான். தொழிற்சாலையில் கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கை உயர்த்துவது போல, முழங்கை மடங்க, காதளவில் உயர்த்தினேன். எண்ணிக்கைக்கு அது போதுமாக இருந்தது.

கடிதம் போயிற்று; முத்திரை குத்திய இரண்டாம் பிரதி என்னிடம் இருந்தது. அடுத்த வசந்தம் இடாப்பு வாசித்தபோது மனைவியின் பெயர் இருந்த இடத்தில் கப்டன் மூச்சு வாங்கினான். பிறகு என் பெயர். பிறகு இன்னொரு மூச்சு. அந்த இரண்டு இடைவெளியும் காற்றுக்காக மட்டும் என்றுதான் வெளியார் நினைத்திருப்பார்கள்.

அந்த ஆனி மாதம் கிழக்கில் மறுபடியும் சண்டை தொடங்கியது. கடிதங்கள் நின்றன. ஆவணியில் மைத்துனரிடமிருந்து ஒன்று வந்தது. கொழும்புக்குப் போன யாரோ ஒரு பாதிரியார் கையில் கொடுத்து அனுப்பியது. அதில் அழுகை எதுவும் இருக்கவில்லை. விதானையாருக்கு எழுதுவது போல எழுதியிருந்தார். தங்கைக்கு முட்டு கூடியது. பாதைப்படகு ஓடவில்லை. இரண்டு நாள் துறையடியில் வைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் முடிந்தது. பிள்ளை எங்களோடு சுகம். தங்கள் விசா அலுவல் என்ன மாதிரி என்று அறியத்தரவும்.

அண்ணை ஆலைக்கு லீவு போட்டார். சோறு காய்ச்சினார். செபம் பண்ணட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பண்ணினார். எனக்குக் கேட்டது.

அனுமதி அதற்குப் பிறகு வந்தது. பேருக்குப் பேர், பிறந்த திகதிக்குப் பிறந்த திகதி, எல்லாம் சரியாக, இரண்டு பேருக்கு.

மகள் ஒரு மாசி மாதம் வந்தாள். வயது ஏழு ஆகப்போகிறது. விமானநிலையத்தில் ஒரு பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, என்னைக் கடந்து, தலைமுடி நரைக்காத அண்ணையிடம் போய் நின்றாள். நான் புகைப்படத்தில் இருந்ததுபோல் இருக்கவில்லை. அண்ணைதான் மெல்ல அவளைத் திருப்பி என் பக்கம் விட்டார்.

அந்தப் பத்திரிகைத் துண்டைப் பற்றி நான் எண்ணாத நாள் இல்லை. ஒரு படிவத்தில் கோட்டை நிரப்பியதால், ஒரு பொய்யான வசனத்தை விரும்பியதால், எத்தனை மாதம் போயிற்று என்று கணக்குப் பார்ப்பேன். பிறகு ஒரு தை மாதம், அந்தத் தமிழர் வழக்கின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. பிரதமர் பதவி விலகினார். தமிழரின் குடும்பக் கோப்புகள் சட்டத்துக்கு மாறாக வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்று தொலைக்காட்சியில் விளக்கமாகச் சொன்னார்கள். தொழிற்சாலையில் டெனிஷ்காரர் என்னிடம் வந்து தோளைத் தட்டினார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு. அப்படியென்றால் என் பிழை தாமதத்துக்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே இருந்த தாமதத்துக்குக் கிடைத்த ஒரு சாட்டா? என் மடமை அங்கே தேவைப்பட்டிருக்காமலும் இருக்கலாம். இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு திரிந்த குற்றம் என்னுடையதுதானா என்றுகூட எனக்கு இன்றைக்கும் தெரியாது. அறிக்கை நீளமானது. வாசித்துத் தீர்ப்பவன் என்று பெயரெடுத்த நான் அதை மட்டும் வாசிக்கவில்லை.

அந்த வசந்தம் கப்டன் வீட்டுக்கு வந்தான். படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டான். கழகத்துக்கு அது கடைசிப் பருவம், ஆள் சேரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவடியிலேயே நின்றான்.

"கனநாளாக் கேக்க நினைச்சனான். அவவின்ரை பேரைத் திருப்பி இடாப்பில சேக்கட்டோ?" தரையைப் பார்த்தான். "இப்ப... அந்தப் புத்தகத்தின்ரை விதிப்படி, அவவின்ரை பேர்தான் சரி. எங்களிட்டை வேறை ஒருத்தரும் இல்லை."

மகளின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன், உயிரோடிருப்பவளாக. அதற்கும் ஒரு சிறப்புப் பொதுக்கூட்டம் வைத்தார்கள்.

ஆட்டத்தன்று தூறல். எதிரணி மறுபக்கத்தில் குதித்துச் சூடேற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் நடுவில் நின்றோம். மகளுக்குப் பாசிப்பச்சையில் ஒரு சட்டை தைத்திருந்தேன்; அதை மழைச்சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு தாடிக்காரனுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். வயது ஒன்பது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள்.

கப்டன் வாசித்து வந்தான். மனைவியின் பெயர் வந்தது. இத்தனை வருடத்தில் உச்சரிக்கப் பழகியிருந்தான். அரைவாசி எழுத்தாவது சரியாக விழுந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. தாடிக்காரன் கவசத்தை மார்போடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இது இம்முறை உன்னுடையது என்று அந்தப் பார்வை. அவர்கள் என் முறைக்காக நாகரிகமாகக் காத்து நின்றார்கள். எனக்கு வாய் திறக்கத்தான் நினைப்பு. ஆனால் என் வீட்டு அலுமாரியில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் என் கையும் உண்டு.

மகள் அந்த மௌனத்தைப் பொறுக்கமாட்டாமல் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்திலும் தினமும் பெயர் கூப்பிடுவார்கள். வராத பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்கு அறியத்தருவது பக்கத்தில் இருப்பவரின் கடமை.

"அவ இங்கே இல்லை," என்றாள் டெனிஷில், தெளிவாக.

கப்டனின் பேனை இடாப்பின் மேல் நின்றது. மழைத்துளி ஒன்று தாளில் விழுந்து பரவியதை அவன் கட்டைவிரலால் துடைத்தான். பிறகு அடுத்த பெயரை வாசித்தான். அது என்னுடையது.

"இங்கே," என்றேன்.